கார்ட்லெஸ் டிரில்லைக் கொல்வது சூடுதான்

எந்த கம்பெனி டிரில் வாங்கலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வாங்கிய பிறகு எந்த கியரில் ஓட்டுவது, எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. சுமாரான டிரில்லைக்கூடப் பக்குவமாக ஓட்டினால் வருடக்கணக்கில் உழைக்கும், ரொம்ப நல்ல டிரில்லை ஒரே மதியத்தில் கருக்கிவிடவும் முடியும். பழுதாகிப்போன டிரில்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மோட்டார் சுருளில் கருகல் வாசனை, முனை நீலமாகிப்போன பிட் (டிரில்லில் மாட்டித் துளைக்கும் கம்பி), சார்ஜே ஏறாத பேட்டரி. மூன்றுக்கும் காரணம் சூடு. அதனால் இந்தப் பதிவில் என்ன பேசினாலும் சூட்டில்தான் வந்து நிற்பேன்.

முதலில் கியர். டிரில்லின் மேல்பக்கம் 1, 2 என்று போட்ட ஸ்விட்ச் இருக்கும், பலர் அதை வாங்கிய நாளிலிருந்து 2-லேயே விட்டுவைத்திருப்பார்கள். 1-ல் சக், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பக்க வாய், நிமிடத்துக்குச் சுமார் 400, 500 சுற்று சுற்றும், 2-ல் 1500 முதல் 2000 வரை போகும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். மாறுவது வேகம் மட்டுமில்லை, திருப்பும் பலமும்தான். சைக்கிளில் கியரைக் குறைக்காமல் மேடு ஏறினால் மிதிக்க முடியாமல் திணறுவோம் இல்லையா, 2-ல் வைத்துக்கொண்டு 25 மி.மீ. பிளாட் பிட்டை (தட்டையான முனை உள்ள பிட்) மரத்துக்குள் அழுத்தினால் மோட்டாருக்கும் அதே நிலைதான். பாரம் தாங்காத மோட்டார் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும், கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அதோடு நிற்பதில்லை. மோட்டாரைக் குளிர வைக்கும் சின்ன ஃபேன் அதே மோட்டாரின் தண்டில்தான் இருக்கிறது, மோட்டார் மெதுவானால் ஃபேனும் மெதுவாகும், அதாவது காற்று அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் காற்று குறைகிறது. 1-க்கு மாற்றினால் உள்ளே மோட்டார் வேகமாகவே சுற்றும், ஃபேனும் நன்றாக வீசும், வெளியே பிட் மட்டும் மெதுவாக, பலமாகத் திரும்பும்.

பெரிய பிட், ஹோல் சா (பெரிய வட்ட ஓட்டை அறுக்கும், பல் வைத்த கிண்ணம்), நீளமான ஸ்க்ரூ எல்லாம் 1. சின்ன பிட்டில் மரம், மெல்லிய தகடு, செங்கல் சுவர் என்றால் 2. சந்தேகம் வந்தால் 1-ல் தொடங்குங்கள். கியர் மாற்றும்போது டிரில் முழுவதும் நின்றிருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளினால் உள்ளே பல் உடையும். ஸ்விட்ச் நகர மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், சக்கைக் கையால் லேசாகத் திருப்பினால் பல்லோடு பல் சேர்ந்து தானாக உட்காரும்.

பிட் மாட்டிக்கொண்டு சக் நின்றுவிட்டது, ஆனால் விரல் இன்னும் ட்ரிக்கரை அழுத்திக்கொண்டிருக்கிறது, அந்தச் சில விநாடிகள்தான் ஒரு டிரில்லின் வாழ்க்கையிலேயே மிக மோசமான நேரம். சுற்றாத மோட்டாரில் காற்று கிடையாது, கரண்ட் மட்டும் உச்சத்தில் இருக்கும். உடனே விரலை எடுங்கள், ரிவர்ஸ் போடுங்கள், மெதுவாகப் பிட்டை வெளியே எடுங்கள், துகளைத் தட்டிவிட்டு மறுபடி போங்கள். ரிவர்ஸ் பட்டனையும் நின்ற பிறகுதான் தள்ள வேண்டும். தொடர்ந்து கடினமான வேலை செய்து டிரில்லின் உடம்பு சூடாகிவிட்டால் அதை அப்படியே கீழே வைத்துவிடாமல், 2-ல் போட்டு எந்தப் பாரமும் இல்லாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஃபேன் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிவிடும். இதைச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் ஒரு காசு செலவில்லாமல் மோட்டாரின் ஆயுளைக் கூட்ட இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது பிட். மழுங்கிய பிட் வெட்டாது, உரசும், உரசினால் சூடு, அவ்வளவுதான். பிட் மழுங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம், வேகத்தைக் கூட்டுகிறோம். இரண்டுமே நிலைமையை மோசமாக்கும். இரும்பில் ஓட்டை போடும்போது துகளைப் பாருங்கள், சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது என்று அர்த்தம், பொடியாகவோ புகையோடோ வந்தால் உரசுகிறது, நிறுத்த வேண்டும். சாதாரண கார்பன் ஸ்டீல் பிட் 200, 250 டிகிரியைத் தாண்டினாலே கடினத்தை இழந்துவிடும், அதற்கு மேல் அது இரும்பைத் தொடவே முடியாது. ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட் 500, 600 டிகிரி வரை தாங்கும். ஆகவே உலோக வேலைக்கு ஹெச்.எஸ்.எஸ். தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். தங்க நிறத்தில் பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மேல் பூச்சு, உள்ளே என்ன ஸ்டீல் என்பதுதான் விஷயம்.

உலோகத்தில் வேகம் எவ்வளவு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சாதாரண இரும்பில் ஹெச்.எஸ்.எஸ். பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நகரலாம். 6 மி.மீ. பிட்டுக்கு அது 1600 சுற்று, 12 மி.மீ. பிட்டுக்கு 800. பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும் என்று சொல்வது இதனால்தான், ஒரே சுற்று வேகத்தில் 12 மி.மீ. பிட்டின் ஓரம் 3 மி.மீ. பிட்டின் ஓரத்தைவிட நான்கு மடங்கு வேகமாக ஓடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்த வேகத்தில் பாதிக்கும் குறைவாக. அதில் இன்னொரு சங்கதியும் உண்டு, லேசாக உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடமே கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் புது பிட்டைக் கொண்டுவந்தாலும் இறங்காது. மெதுவான வேகம், உறுதியான அழுத்தம், சில சொட்டு எண்ணெய், இந்த மூன்றும் இருந்தால் கார்ட்லெஸ் டிரில்லிலேயே ஸ்டெயின்லெஸ்ஸில் அழகாக ஓட்டை போடலாம். தொடங்கும் இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் குழி விழும்படி ஒரு அடி கொடுத்துவிடுங்கள், பிட் வழுக்கி ஓடாது. பஞ்ச் இல்லையென்றால் 135 டிகிரி ஸ்ப்ளிட் பாயின்ட் முனை (நட்டநடுவிலும் வெட்டும்படி தீட்டியது) உள்ள பிட் ஓரளவு உதவும், வழக்கமான 118 டிகிரி முனை வழவழப்பான தகட்டில் அலையத்தான் செய்யும். பெரிய ஓட்டை என்றால் முதலில் 3 அல்லது 4 மி.மீ.யில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள், மோட்டாருக்குப் பாரம் குறையும்.

மரத்தில் கருகல் வாசனை வந்தால் பெரும்பாலும் பிட்டின் பள்ளத்தில் தூள் அடைத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று எடுத்து எடுத்துப் போட வேண்டும். மறுபக்கம் சிம்பு பெயராமல் இருக்கப் பின்னால் ஒரு வேண்டாத கட்டையை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

சுவர் வேலைக்கு வருவோம், டிரில்லும் ஆளும் சேர்ந்து கஷ்டப்படும் இடம் இதுதான். சுத்தியல் படம் போட்ட ஹேமர் டிரில்லில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதிர்பார்ப்பு சரியாகிவிடும். பல் வைத்த இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன, அந்த அதிர்வுதான் ஹேமர். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டும், ஆனால் ஒவ்வொரு தட்டும் சின்னது, அதுவும் நீங்கள் தள்ளுகிற பலத்தில்தான் வருகிறது. செங்கல்லுக்கும் பூச்சுக்கும் இது தாராளம். கான்கிரீட் பீமில் 10 மி.மீ. ஓட்டை பத்து போட வேண்டுமென்றால் இது அதற்கான கருவி இல்லை. அதற்கு எஸ்.டி.எஸ். பிட் (தண்டில் பள்ளம் வெட்டிய, சொருகினாலே பூட்டிக்கொள்ளும் பிட்) மாட்டும் ரோட்டரி ஹேமர் வேண்டும், அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது, நாம் வழிகாட்டினால் போதும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது அதைப் பயன்படுத்துங்கள். சாதாரண டிரில்லைக் கான்கிரீட்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளுபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த மெஷின்மேல் பரிதாபம் வரும்.

சுவர் பிட்டின் முனையில் இருப்பது கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துண்டு, பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதிகம் சூடானால் ஒட்டு விட்டுப்போகும். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்குவதும் கூடாது, திடீர்க் குளிர்ச்சியில் கார்பைடு விரிசல் விடும். சும்மா ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை திடீரென்று இறங்காமல் நின்று, உலோகச் சத்தம் கேட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் முட்டியிருக்கிறது, அதோடு போராடாமல் இடத்தை மாற்றுங்கள். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டையே போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயிருக்கும்.

டைல்ஸ் என்றால் ஹேமரை அணைத்துவிடுங்கள், இது கட்டாயம். குறித்த இடத்தில் டேப் ஒட்டி, ஈட்டி முனை டைல்ஸ் பிட்டால் ரொம்ப மெதுவாக ஆரம்பியுங்கள். கடினமான விட்ரிஃபைடு டைல்ஸுக்கு டைமண்ட் பிட்தான், அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் சூட்டுக்காகத்தான். ஆனால் தண்ணீர் டிரில்லுக்குள் போகக் கூடாது, ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற இன்னொருவர் ஓட்டினால் நல்லது. டைல்ஸைத் தாண்டியதும் பிட்டை மாற்றி, அப்புறம் ஹேமரைப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் அடிக்கும் பிளக்குக்கான ஓட்டையில் ஆழத்தைப் பிட்டின் மேல் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், பிளக்கின் நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக. உள்ளே இருக்கும் தூளை எடுக்காமல் பிளக்கை அடித்தால் அது பாதியில் நிற்கும், அல்லது பிடிமானம் இருக்காது. வாயால் ஊதினால் தூள் கண்ணில்தான் விழும், ஒரு சின்ன ரப்பர் பம்ப்போ வாக்குவமோ போதும். கண்ணாடியும் முகமூடியும் போடுவதில் எனக்குச் சமரசமே இல்லை. கான்கிரீட், செங்கல் தூளில் இருக்கும் சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. கையுறை மட்டும் வேண்டாம், சுற்றும் சக்கில் துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அது கிளட்ச். ஸ்க்ரூ போடும்போது இதுதான் உங்கள் நண்பன். சின்ன எண்ணில் வைத்துத் தொடங்குங்கள், ஸ்க்ரூ முழுதாக உட்காருமுன் டகடகவென்று கிளட்ச் விட்டுவிட்டால் ஒரு எண் கூட்டுங்கள், தலை மரத்தின் மட்டத்துக்கு வந்ததும் கிளட்ச் விடுகிற எண்தான் அந்த வேலைக்குச் சரியான எண். பிட் படம் போட்ட இடத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, அதில் ஸ்க்ரூ போட்டால் தலை முறியும், அல்லது டிரில்லே திரும்பி மணிக்கட்டை முறுக்கும். கெட்டி மரமென்றால் முன்கூட்டியே ஓட்டை போடுங்கள், 4 மி.மீ. ஸ்க்ரூவுக்குச் சாதாரண மரத்தில் 2.5, கெட்டி மரத்தில் 3 மி.மீ. போதும். ஸ்க்ரூ தலை தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான முனை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பிலிப்ஸ், போஸிடிரைவ் இரண்டும் வேறு வேறு. போஸிடிரைவ் ஸ்க்ரூ தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருக்கும். கோடு இருந்தால் பி.இசட். முனை, இல்லையென்றால் பி.ஹெச். தேய்ந்த முனையை வைத்துக்கொண்டு பத்து ஸ்க்ரூவின் தலையைக் கெடுக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது பேட்டரி. 18 வோல்ட் வாங்குவதா 20 வோல்ட் வாங்குவதா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். உள்ளே 5 லித்தியம் அயன் செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், மொத்தம் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டைத் தாண்டும், அதை வைத்து 20 மேக்ஸ் என்று எழுதுகிறார்கள். ஆம்பியர்-மணிதான் (பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் என்ற அளவு) உண்மையான வித்தியாசம். 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் பொதுவாக 5 செல்கள், 4 ஆம்பியர்-மணியில் 10. நேரம் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கரண்டை இரண்டு வரிசை செல்கள் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொரு செல்லும் குறைவாகச் சூடாகும், பாரத்தில் வோல்டேஜும் அதிகம் விழாது, ஆகவே அதே டிரில் பலமாகவே ஓடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்க்ரூ போட சின்ன பேட்டரி, ஹோல் சாவுக்குப் பெரியது. நான் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போடுவேன்.

முழுவதும் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த பேட்டரிதான் ஆட்சி செய்தது, அதனால் அந்தப் பழக்கம் வாய்வழியாக இன்னும் ஓடுகிறது. லித்தியம் செல்லை அடியோடு காலி செய்வது அதற்குக் கெடுதல். வேகம் தளர்வது தெரிந்தால் நிறுத்திச் சார்ஜ் போடுங்கள், பாதியில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. கட் ஆன பிறகு சில நிமிடம் விட்டு மறுபடி ட்ரிக்கரைப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் பிழிகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்.

வேலை முடித்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். கையில் பிடித்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். நல்ல சார்ஜர்கள் சூட்டை உணர்ந்து காத்திருக்கும், எல்லாம் அப்படி இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதுதான் பேட்டரிக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை. அதே மாதிரி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன பேட்டரியைச் சார்ஜ் செய்தாலும் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், டிரில்லிலிருந்து கழற்றி, குளுமையான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்க்ரூ, ஆணி போட்ட பைக்குள் பேட்டரியை மூடியில்லாமல் போடக் கூடாது, முனைகள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரி, கீழே விழுந்து உடைந்த பேட்டரி, நனைந்த பேட்டரி எதையும் மறுபடி சார்ஜ் செய்ய வேண்டாம். பெயர் தெரியாத மலிவு பேட்டரிகள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை, செல்களைச் சமன் செய்து பாதுகாக்கும் சர்க்யூட் உள்ளே சரியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பராமரிப்பு என்று தனியாகச் செய்வது கொஞ்சம்தான். பேட்டரியைக் கழற்றுங்கள், காய்ந்த பிரஷ்ஷால் காற்றுத் துளைகளைத் துடையுங்கள். அந்தத் துளை அடைத்தால் ஃபேன் சுற்றியும் பயனில்லை. சுவர் வேலை செய்த அன்று இதை விடவே கூடாது, சிமென்ட் தூள் உப்புத்தாள் மாதிரி பேரிங்கைத் தின்னும். சீலிங்கில் ஓட்டை போடும்போது ஒரு பேப்பர் கப்பின் அடியில் துளை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் தூள் சக்குக்குள் இறங்காது. சக்கை முழுவதும் விரித்து, கவிழ்த்துத் தட்டி, தாடைகளில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, திறந்து மூடித் துடைத்துவிடுங்கள், கெட்டியான கிரீஸ் போட்டால் தூளெல்லாம் அதில் ஒட்டும். கியர் பாக்ஸில் கிரீஸ் கம்பெனியிலேயே அடைத்திருப்பார்கள், சத்தம் மாறாத வரை அதைத் திறக்காதீர்கள். பிட் ஆடினால் முதலில் மூன்று தாடைக்கும் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், சின்ன பிட்கள் இரண்டு தாடைக்கு நடுவே ஓரமாகச் சிக்கிக்கொள்ளும். அப்படியும் ஆடினால் வளைந்தது பிட்டா சக்கா என்று வேறு ஒரு புது பிட் போட்டால் தெரிந்துவிடும். சக்கைக் கழற்ற வேண்டி வந்தால், தாடைகளை விரித்ததும் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும், அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் துண்டு) வைத்த மோட்டாரென்றால் காற்றுத் துளை வழியே லேசான நீலப் பொறி தெரிவது இயல்பு. பொறி பெரிதாகி, ஓட்டம் விட்டு விட்டு வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மாற்றினால் பழையபடி ஓடும். பிரஷ்லெஸ்ஸில் தேய இதெல்லாம் இல்லை, உரசல் சூடும் குறைவு, அதே பேட்டரியில் அதிக நேரம் வரும். புதிதாக வாங்குபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடுங்கள் என்பேன். ஆனாலும் பெயின்ட், டைல்ஸ் பசை கலக்குவதற்கு எந்த கார்ட்லெஸ் டிரில்லையும் பயன்படுத்த வேண்டாம். நிறுத்தாமல் பல நிமிடம் பாரத்தோடு ஓடும் வேலை அது, வயர் வைத்த மிக்ஸரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய டிரில் வாங்கப் போகிறீர்கள் என்றால் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி ஒன்றைக் கொண்டுபோங்கள். சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் பேரிங் போயிருக்கும். 1, 2 இரண்டு கியரிலும், முன்னும் பின்னும், மிக மெதுவிலிருந்து முழு வேகம் வரை ட்ரிக்கரைப் பிடித்து ஓட்டுங்கள், நடுவே வேகம் தாவினால் ஸ்விட்ச் பழுது. கடைசியாக ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுக் காற்றுத் துளையை மூக்கருகே கொண்டுபோங்கள். கருகிய வார்னிஷ் வாசனை வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.